அம்பட்டன் வாராவதி முதல் ஜி.டி. நாயுடு மேம்பாலம் வரை: தெருப் பலகையிலிருந்து சாதி இறங்குமா?

மயிலாப்பூரில் டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை மெரினாவைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கிங்காம் கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. தினமும் ஆயிரக்கணக்கான வண்டிகள் அதைப் பாலம் என்றே கவனிக்காமல் கடந்து போகின்றன. ஆனால் சென்னையின் சாதி வரலாற்றை ஒரே இடத்தில் நின்று பார்க்கணும்னா, இந்தப் பாலம் போதும்.

ஆங்கிலேயர் காலத்தில் இதன் பெயர் ஹாமில்டன் பாலம். 'ஹாமில்டன்' நம்மூர் வாயில் நுழையவில்லை. 'அமட்டன்' ஆகி, அங்கிருந்து வழுக்கி 'அம்பட்டன் வாராவதி' ஆகிவிட்டது. அடுத்து வந்தவர்கள் அந்தத் தமிழ்ப் பெயரைச் சிரத்தையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என்றார்கள். சென்னை வரலாற்று ஆர்வலர்கள் பல காலமாகச் சொல்லிவரும் கதை இது. ஒரு முடிதிருத்துபவர்கூட சம்பந்தப்படாமல் ஒரு பாலத்துக்குச் சாதிப் பெயர் வந்துவிட்டது. இப்போது அது அம்பேத்கர் பாலம்.

ஒரு வெள்ளைக்காரர், ஒரு சாதி, அந்தச் சாதி முறையையே எதிர்த்த ஒருவர் என ஒரே பாலத்துக்கு மூன்று பெயர். தமிழ்நாடு அரசு 2025 அக்டோபரில் போட்ட ஓர் ஆணை, இதே வேலையை மாநிலம் முழுக்கச் செய்யச் சொல்கிறது.

அரசாணை என்ன சொல்கிறது?

தெருக்கள், குடியிருப்புகள், சாலைகள், நீர்நிலைகள் ஆகியவற்றின் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்க வேண்டும். 'ஆதிதிராவிடர் காலனி', 'அரிசன காலனி' போன்ற பெயர்களுக்குப் பதிலாகப் புலவர்கள், தலைவர்கள், பூக்கள் பெயர்களை வைக்கலாம். மக்களின் கருத்தைக் கேட்டுச் செய்ய வேண்டும். இதுதான் சாரம். நவம்பருக்குள் முடிக்கச் சொன்னார்கள். ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கும் போடப்பட்டது.

இதெல்லாம் சரிதான். ஆனால் அதே அக்டோபர் 9ஆம் தேதி, கோவை அவிநாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. பெயர்: ஜி.டி. நாயுடு மேம்பாலம். சமூக வலைதளங்களுக்கு அன்று வேறு தீனி தேவைப்படவில்லை. ஒரு கையால் அழித்துக்கொண்டே மறுகையால் எழுதுகிறார்களே என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. 'நாயுடு'வை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'ஜி.டி.' மட்டும்தான், அது யார் என்று யாருக்கும் தெரியாதே என்று மறுபக்கம் கேட்டது.

கேள்வி, பதில் இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் புதுசும் இல்லை. தியாகராய நகர் இந்தப் பரீட்சையை ஏற்கெனவே ஒருமுறை எழுதி முடித்துவிட்டது.

பெயிண்ட் டப்பாவோடு வந்த பெரியார் நூற்றாண்டு

1978-79ல் பெரியார் நூற்றாண்டு. அதையொட்டி எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப் பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை நீக்கும் ஆணை வந்தது. பெயர்ப் பலகைகளில் வாலை மட்டும் வெட்டினார்கள். தணிகாசலம் செட்டி சாலை, தணிகாசலம் சாலை ஆனது. கோபதி நாராயணசாமி செட்டியின் பெயரிலுள்ள ஜி.என். செட்டி சாலை, ஜி.என். சாலை ஆனது. பலகையில்தான் ஆனது. இன்றைக்கும் ஆட்டோவில் ஏறி 'ஜி.என். சாலை' என்று சொல்லிப் பாருங்கள். 'ஜி.என். செட்டி ரோடா சார்?' என்று ஒரு கேள்வி திரும்பி வரும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. தி.நகர் 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், பழைய நெடும் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய பகுதி. ஆகவே சாலைகள், பூங்காக்களின் பெயரில் பாதி அந்தக் கட்சிக்காரர்கள். பனகல் பூங்கா, அன்றைய சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர் பனகல் அரசர் பெயரில் இருக்கிறது. உஸ்மான் சாலை, 1934ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்த முகமது உஸ்மான் பெயரில் இருக்கிறது.

1916ல் கட்சியைத் தொடங்கிய மூவருமே இங்கே இருக்கிறார்கள். வாலை வெட்டும் கணக்கை அவர்களிடம் போட்டுப் பார்க்கலாம். பிட்டி தியாகராய செட்டி: வால் போனால் தியாகராயர். ஊர்ப் பெயரிலேயே செட்டி இல்லை, பிரச்சினை இல்லை. டாக்டர் நடேச முதலியார்: வெங்கடநாராயணா சாலையில் இருக்கிற நடேசன் பூங்கா. அதுவும் சுலபம். மூன்றாமவர் டாக்டர் டி.எம். நாயர். மாதவன் என்ற அவருடைய பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. வாலை வெட்டினால் மிஞ்சுவது 'டாக்டர் சாலை'. எந்த டாக்டர்? அதனால் மக்கள் வாயில் டாக்டர் நாயர் சாலை இன்றும் டாக்டர் நாயர் சாலைதான்.

பர்கிட் சாலைக்கு இந்தத் தொல்லையே இல்லை. வெட்ட வால் இல்லை. சாதி ஒழிப்புப் பரீட்சையில் தி.நகரில் முழு மார்க் வாங்கியவர் ஒரு வெள்ளைக்காரர்!

பாண்டி பஜார் சொல்லும் பாடம்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்ட மாநாடு அதுதான். தமிழ்நாட்டில் இன்று ஒருவர் தன் பெயருக்குப் பின்னால் சாதியைப் போட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்களே, வட இந்தியாவில் இல்லாத அந்தப் பழக்கத்தின் வேர்களில் இதுவும் ஒன்று.

அந்த மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். பிற்காலத்தில் தி.நகரில் ஒரு கடைவீதிக்கு அவர் பெயரை வைத்தார்கள்: சௌந்தரபாண்டியனார் அங்காடி. புரியலையா? பாண்டி பஜார்தாங்க அது. பாண்டிச்சேரி வியாபாரிகளால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எப்படியோ, பட்டத்தைத் துறக்கச் சொன்னவரின் பட்டத்தை மட்டுமல்ல, முக்கால்வாசிப் பெயரையே மக்கள் சுருக்கிவிட்டார்கள். அதற்கு அரசாணை தேவைப்படவில்லை.

இனிஷியல் என்னும் கவசம்

மயிலாப்பூர், அடையாறு பக்கம் வந்தால் இன்னொரு வேடிக்கை. இங்கே சாதி ஒளிந்திருக்கும் இடம் இனிஷியல்.

மௌபரீஸ் சாலை இன்று டி.டி.கே. சாலை. விரித்தால் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 'ஆச்சாரி'யை எங்கே வெட்டுவது? பெயரோடு ஒட்டிப் பிறந்தது அது. மூன்று எழுத்தில் சுருக்கியதால் தப்பித்தார். அடையாறு ஆற்றின் மேல் எல்பின்ஸ்டன் பாலத்துக்குப் பதிலாக வந்தது திரு.வி.க. பாலம். விரித்தால் கல்யாணசுந்தர முதலியார். யாரும் விரிப்பதில்லை.

விரித்தே ஆக வேண்டிய இடத்தில்தான் சங்கடம். 2021ல் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் சாதிப் பட்டங்களை எடுத்தபோது உ.வே. சாமிநாதையர் 'உ.வே. சாமிநாதர்' ஆனார். பெரிய விவாதம் நடந்தது. பெசன்ட் நகரில் அவர் பெயரில் இருக்கும் நூல் நிலையத்தின் பலகையில் அவர் இன்னும் சாமிநாதையர்தான். 'உ.வே.சா.' என்று எழுதியிருந்தால் விவாதமே வந்திருக்காது.

எல்லா வாலுக்கும் ஒரே கத்திரிக்கோலும் இல்லை. சேமியர்ஸ் சாலைக்கு வைத்த பெயர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலை. அந்த 'தேவர்' மேல் கை வைக்க எந்தக் கட்சியும் முன்வரப் போவதில்லை. ஏன் என்று கேட்டால், தேர்தல் கமிஷனின் வாக்காளர் பட்டியலில் பதில் இருக்கிறது.

காலனி: ஒரு சொல், இரண்டு முகவரி

இதுவரை பார்த்ததெல்லாம் பெரிய மனிதர்களின் வால். அதை வெட்டினாலும் விட்டாலும், அந்தச் சாலையில் குடியிருப்பவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. டாக்டர் நாயர் சாலையில் வீடு வைத்திருப்பவரை யாரும் நாயர் என்று நினைக்கப் போவதில்லை. அது கௌரவப் பெயர். இறந்துபோன ஒருவரின் ஞாபகம்.

'ஆதிதிராவிடர் காலனி' அப்படி இல்லை. அது அங்கே வாழ்பவரின் மேல் ஒட்டிய சீட்டு. 'வண்ணார் தெரு' என்பதும் அப்படித்தான். வேலைக்கு விண்ணப்பம் போடும்போது, வாடகைக்கு வீடு கேட்கும்போது, பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும்போது சாதியை யாரும் கேட்க வேண்டாம். முகவரியைக் கேட்டாலே போதும், சாதி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல்வர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29ஆம் தேதி சட்டப்பேரவையில், 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தபோது, சென்னையில் பலர் புருவத்தை உயர்த்தினார்கள். 'எங்க ஏரியாவும் காலனிதானே, நல்லாத்தானே இருக்கு?'

உண்மைதான். மயிலாப்பூரின் சி.ஐ.டி. காலனி, வீட்டு வசதி வாரியத்துக்கு முன்னோடியான சிட்டி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் பெயரில் இருப்பது. மறைந்த முதல்வர் மு. கருணாநிதியின் வீடுகளில் ஒன்று இருந்த இடம். அங்கே ஒரு கிரவுண்ட் விலை கேட்டால் தலை சுற்றும். சென்னையில் 'காலனி' என்றால் வரிசையாகத் திட்டமிட்டுக் கட்டிய வீடுகள். ஊர்ப்புறத்தில் 'காலனி' என்றால் ஊருக்கு வெளியே இருக்கும் தலித் குடியிருப்பு. 'ஊர்' வேறு, 'காலனி' வேறு. 'காலனிக்காரன்' என்று யாரும் சி.ஐ.டி. காலனிவாசியைத் திட்டுவதில்லை.

இதே கண்ணோடு பார்த்தால் மயிலாப்பூரில் வெங்கடேச அக்ரஹாரம் தெருவும் கண்ணில் படும். அக்ரஹாரமும் ஒரு சாதியின் குடியிருப்பைக் குறிக்கும் சொல்தான். ஆனால் அந்த முகவரியை எழுத யாருக்கும் கை கூசியதில்லை. அதற்காக யாருக்கும் வேலை போனதும் இல்லை. இரண்டு பெயரும் சாதிப் பெயர்தான். ஒன்று நாற்காலி போடும், ஒன்று வாசலிலேயே நிறுத்தும். கத்திரிக்கோல் முதலில் எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

பலகை மாறும், வாய் மாறுமா?

அடையாறில் எல்.பி. ரோடு தெரியாதவர் கிடையாது. எல்.பி. என்றால் லாட்டிஸ் பிரிட்ஜ். அதற்குக் கல்கி கிருஷ்ணமூர்த்தி சாலை என்று பெயர் வைத்துப் பல காலமாகிறது. 'பொன்னியின் செல்வன்' படத்தை முதல் நாள் முதல் ஷோ பார்த்தவர்கள்கூட எல்.பி. ரோடு வழியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை ஆனதும் பலகைக்கு மட்டும் தெரிந்த சேதி. மவுண்ட் ரோடு - அண்ணா சாலை மாதிரி இரண்டு பெயரும் சம அளவில் புழங்குவதே பெரிய வெற்றி.

சில சமயம் பலகையே பின்னோக்கி நடக்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலை எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெரியார் ஈ.வெ.ரா. சாலை ஆனது. 2021 ஏப்ரலில், தேர்தல் முடிந்து முடிவு வராத நேரத்தில், நெடுஞ்சாலைத் துறைப் பலகையில் திடீரென்று 'கிராண்ட் வெஸ்டர்ன் டிரங்க் ரோடு' என்று முளைத்தது. எதிர்ப்பு கிளம்பியது, பலகையில் தார் பூசப்பட்டது. பெரியார் நூற்றாண்டில் வால் வெட்டிய ஊரில் பெரியாரின் பெயரே பலகையிலிருந்து காணாமல் போன கதை இது.

அப்போ, பெயர் மாற்றி என்ன பயன்?

'பெயரை மாத்தினா சாதி போயிடுமா?' என்பதுதான் எல்லா டீக்கடையிலும் கேட்கும் கேள்வி. போகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் சக மாணவர்கள். அவர்களுக்குச் சாதியைச் சொல்லிக்கொடுக்கத் தெருப் பலகை தேவைப்படவில்லை. அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிகளின் பெயர்களில்கூடச் சாதி இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. பெயர் மட்டுமே காரணம் என்பதால் அல்ல, பெயரும் ஒரு காரணம் என்பதால்.

நடைமுறைச் சிக்கலும் சும்மா இல்லை. முகவரி மாறினால் ஆதார், ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, பத்திரம் என்று வரிசையாக அலைய வேண்டும். அந்த அலைச்சல் யாருக்கு அதிகம்? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் நிற்க வேண்டியவருக்குத்தான். பெயரை மாற்றும் அரசே ஆவணங்களையும் தானாக மாற்றிக் கொடுத்தால், பழைய பெயரால் அவமானப்பட்டவரே புதுப் பெயருக்காகவும் அலைய வேண்டியிருக்காது.

இன்னொன்று, மயிலாப்பூர் பாலத்தின் பெயரை மாற்றியது அரசு. தி.நகர் அங்காடியின் பெயரைச் சுருக்கியது மக்கள். இரண்டிலும் பழைய சாதி அடையாளம் காணாமல் போனது. ஆனால் 'ரோஜா தெரு' என்று பலகை வைத்த பிறகும் தபால்காரரும் டெலிவரி பையனும் 'அந்தக் காலனிதானே?' என்று கேட்டால், வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பலகையை மாற்ற மாநகராட்சி போதும். மீதிப் பாதிக்கு, வழி கேட்பவரும் வழி சொல்பவரும் மாற வேண்டும்.