கேளிக்கைப் பூங்காவுக்கு ஏற்ற வயது எது?

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கிறிபித் பூங்கா என்றொரு பெரும் பூங்கா உண்டு. சித்திரப் படங்களால் உலகப் புகழ் பெற்ற வோல்ற் டிஸ்னி, தம் புதல்வியர் இருவரையும் விடுமுறை நாள்களில் அங்கே அழைத்துச் செல்வது வழக்கம். பிள்ளைகள் இராட்டினத்தில் ஏறிச் சுற்றுவர். தந்தையோ வாங்கில் அமர்ந்து கடலை கொறித்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே மகிழத்தக்க இடமொன்று ஏன் இருக்கலாகாது என்ற எண்ணம் அங்கேதான் தமக்கு உதித்தது என்று அவர் பிற்காலத்திற் கூறினார். அவ்வெண்ணத்தின் பயனாக எழுந்ததே, கலிபோர்ணியா மாநிலத்து அனகைம் நகரில் 1955-ஆம் ஆண்டு யூலை 17-ஆம் திகதி திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து. அதனினும் பன்மடங்கு பரந்த வோல்ற் டிஸ்னி வேர்ல்ட், 1971-ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி புளோரிடா மாநிலத்தில் திறக்கப்பட்டது.

இத்தகைய பூங்காக்களுக்குச் செல்வது சிறு செலவில் முடியும் காரியமன்று. பிரயாணம், விடுதி, உணவு, நுழைவுச் சீட்டு என்று செலவு பெருகுகின்றது. ஆண்டுக்கணக்கிற் பணம் சேர்த்து, வாழ்நாளில் ஒரே முறை செல்லும் குடும்பங்கள் பல. ஆகவே, பிள்ளைக்கு எத்தனை வயதாகும்போது செல்வது தகும் என்ற வினா அவர்களுக்கு அற்பமானதன்று. காலத்துக்கு முந்திச் சென்றால் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பிந்திச் சென்றால் ஒன்றும் வியப்பளிக்காது. இவ்வினாவுக்கு விடை காண உதவும் அளவுகோல்கள் சில உள. அவை ஒன்றோடொன்று முரண்படுவதே இதிலுள்ள இடர்ப்பாடு.

முதலாவது அளவுகோல் பணப்பை. மேற்சொன்ன இரண்டு பூங்காக்களிலும் மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு நுழைவுச் சீட்டு வேண்டியதில்லை. மூன்று முதல் ஒன்பது வரை சிறுவர் கட்டணம்; பத்து வயதிலிருந்து முழுக் கட்டணம். சிறுவர் கட்டணமும் முழுக் கட்டணத்திலும் சிறிதே குறைந்தது. ஆகவே, மூன்றாவது பிறந்தநாளுக்கு முன்னரே சென்றுவிடுதல் இலாபம் எனப் பெற்றோர் பலர் கருதுகின்றனர்.

இரண்டாவது அளவுகோலாகிய ஞாபகம் இதற்கு நேர்மாறாக நிற்கின்றது. வளர்ந்தோரில் மிகப் பலருக்கு மூன்று அல்லது மூன்றரை வயதுக்கு முன் நிகழ்ந்தவை நினைவில் நிற்பதில்லை. உளநூலார் இதனைக் குழந்தைப் பருவ மறதி என்பர். அதன்பின் வரும் சில ஆண்டுகளின் நினைவுகளுங்கூடத் துண்டு துண்டாகவே எஞ்சுகின்றன. எனவே, இலவசமாகச் சென்ற குழந்தை பிற்காலத்தில் அப்பயணத்தை நிழற்படங்களிலேதான் காணும். அதனால் அப்பயணம் வீண் என்று கூறிவிடுதலும் முறையன்று. அன்று குழந்தை சிரித்த சிரிப்பு மெய்யானது. அதனைக் கண்ட தாய் தந்தையர் அதனை மறப்பதுமில்லை. ஆயினும், பிள்ளை நினைவிற் கொள்ள வேண்டும் என்பதே நோக்கமாயின், பொறுத்திருத்தலே அறிவுடைமை.

மூன்றாவது அளவுகோல் உயரம். விரைந்தோடும் வண்டிகள் பலவற்றின் வாயிலிலே ஓர் அளவுக்கோல் நிற்கும். அங்கே வயதைக் கேட்பதில்லை; உயரத்தையே அளக்கின்றனர். புளோரிடாவிலுள்ள ‘ஏழு குள்ளர் சுரங்க வண்டி’யில் ஏற 97 சென்ரிமீற்றர் உயரமும், ‘ஸ்பேஸ் மவுண்டன்’ வண்டியில் ஏற 112 சென்ரிமீற்றர் உயரமும் வேண்டும். கலிபோர்ணியாவிலுள்ள ‘இன்கிரெடிகோஸ்டர்’ வண்டிக்கு 122 சென்ரிமீற்றர் வேண்டும். சராசரிப் பிள்ளை மூன்று வயதில் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றரும், ஐந்து வயதில் 110 சென்ரிமீற்றரும், ஏழு வயதில் 120 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலும் வளர்ந்திருக்கும். இவ்விதி வீண் கெடுபிடியன்று. ஆசனத்திலே உடலைப் பிணிக்கும் சட்டம் ஒரு குறித்த உடலளவுக்கென்றே அமைக்கப்பட்டது. மிகச் சிறிய உடல் அதனூடே நழுவக்கூடும். ஆதலாற் புறப்படுமுன் வீட்டுச் சுவரிலே பிள்ளையின் உயரத்தை அளந்து, எவற்றில் ஏறலாம், எவற்றில் ஏறலாகாது என்பதை அப்போதே சொல்லிவிடுதல் நன்று. வாயில் வரை சென்று திரும்பும் பிள்ளையின் கண்ணீர் அதனால் தவிர்க்கப்படும்.

உயரம் போதுமாயினும் உள்ளம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். 1955-இல் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது, ‘ஸ்னோ வைற்’ இளவரசியின் கதையைக் கூறும் இருட்கூட வண்டியொன்று அங்கே இருந்தது. குழந்தைக் கதைதானே என்று பெற்றோர் ஏற்றினர். சிறுவரோ இருளிலே சூனியக்காரியைக் கண்டு அலறினர். 1983-இல் அது புதுப்பிக்கப்பட்டபோது, அச்சமூட்டுவது என்னும் பொருள்படும் சொல்லே அதன் பெயரிற் சேர்க்கப்பட்டது. 2021-இல் பெயரும் காட்சிகளும் மேலும் மென்மையாக்கப்பட்டன. வளர்ந்தோர் விளையாட்டென எண்ணுவது ஐந்து வயதுப் பிள்ளைக்கு மெய்யாகவே தோன்றும் என்பதற்கு இது தக்க சான்று. எனினும், அச்சத்துக்குக் காரணமான அந்த நம்பிக்கையே பேரானந்தத்துக்கும் காரணமாகின்றது. மிக்கி எலி தன்னைத் தழுவும்போது, அது மிக்கியே என்று நம்பும் பருவம் நெடுநாள் நிலைப்பதில்லை.

உடல் வலிமையும் கருதத்தக்கது. புளோரிடாவில் யூலை மாதத்து நண்பகல் வெப்பம் 33 பாகை செல்சியஸ் அளவுக்கு ஏறும். பிற்பகலில் இடிமழை பெய்தல் வழக்கம். நெடுந்தூரம் நடத்தலும், வரிசையில் நெடுநேரம் நிற்றலும் அங்கே தவிர்க்கவியலாதவை. நண்பகலில் உறங்கும் பழக்கம் நீங்காத குழந்தையை இரவு வரை அலைத்தல் கொடுமையே. பள்ளி செல்லாத பிள்ளையைக் கூட்டமும் வெப்பமும் குறைந்த மாதங்களில் அழைத்துச் செல்லலாம் என்பது ஒரு வசதி. பள்ளியிற் சேர்ந்தபின் அவ்வசதி இல்லை. பாட நாள்களை இழந்து பெறும் கேளிக்கைக்குப் பிள்ளையே பின்னர் விலை கொடுக்க நேரும்.

மறுபுறம், மிகவும் பிந்திவிடுதலுங் கூடாது. 14 வயது நிரம்பியோர் பெரியோர் துணையின்றியே இப்பூங்காக்களினுள் நுழையலாம் என்பது விதி. அவ்வயதில் விரைவு வண்டிகளில் விருப்பம் மிகும். ஆயின், பெற்றோரினும் நண்பரையே மனம் நாடும்.

இவற்றையெல்லாம் சீர்தூக்கின், ஒரே முறை செல்லக்கூடிய குடும்பத்துக்கு, பிள்ளையின் ஆறு முதல் எட்டு வரையான வயதே பொருத்தமானது எனலாம். அப்போது நினைவு நிற்கும், பெரும்பாலான வண்டிகளுக்கு உயரம் போதும், கால்கள் தளரா, கற்பனையும் முற்றாக விடைபெற்றிராது.

பிள்ளைகள் பலராயின், மூத்த பிள்ளையின் வியப்பு மங்குமுன், இளைய பிள்ளை நடக்கத் தொடங்கியபின் என்னும் இடைவெளியைத் தேர்தல் வேண்டும். இளைய பிள்ளை ஏறமுடியாத வண்டியில் பெற்றோருள் ஒருவர் மூத்த பிள்ளையுடன் ஏற, மற்றவர் இளைய பிள்ளையுடன் காத்திருந்து, பின்னர் மீண்டும் வரிசையில் நெடுநேரம் நில்லாது தாம் ஏறிக்கொள்ளும் ஏற்பாடும் அங்குண்டு.

எவ்வயதிற் சென்றாலும் ஒன்றை மறத்தலாகாது. இத்தனை பணம் செலவிட்டோம், ஆகவே நீ மகிழ்ந்தே தீரவேண்டும் என்று பிள்ளையிடம் மகிழ்ச்சியைக் கடன் வசூலிப்பதுபோல் வசூலித்தல் இயலாது. டிஸ்னி அன்று வாங்கில் அமர்ந்து ஏங்கியது பிள்ளைகளோடு தாமும் சேர்ந்து மகிழ்வதற்கே. பிள்ளை களைத்தபோது உடன் அமர்ந்து இளைப்பாறவும், அஞ்சியபோது கைபிடித்துத் திரும்பவும் பெற்றோர் மனம் கொள்வாராயின், அக்குடும்பத்துக்கு ஏற்ற காலம் வந்துவிட்டது என்றே கொள்ளலாம்.