மனம் புரியாத எதிரி, போர் தெரியாத எதிரி

1991இல் ‘சிவிலைசேஷன்’ என்ற கணினி விளையாட்டு வந்தபோது, அதில் கணினி எதிரி ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டால் விடை கிடைக்காது. நேற்று சமாதானம் பேசிய அரசன் இன்று படையோடு எல்லையில் நிற்பான். நாம் பாடுபட்டுக் கட்டிவரும் பிரமிடை வேறொரு நாடு முந்திக்கொண்டு முடித்துவிடும். கணினி நாடுகளுக்குப் பல விதிகள் தளர்த்தப்பட்டிருந்தன. அது திரையில் தெரியாது.

காரணம் தெரியாத இடத்தில் கதை முளைக்கும். அணுகுண்டு வீசும் காந்தியின் கதை அப்படி முளைத்ததுதான். விளையாட்டில் இந்தியாவை ஆளும் காந்தியின் மூர்க்க அளவு 1 என்று இருந்ததாம். இந்தியா மக்களாட்சிக்கு மாறியதும் அதில் 2 கழிய, பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் எண் 255க்குத் தாவியதாம். பல ஆண்டுகள் உலகமே இதை நம்பியது. அப்படியொரு பிழையே இருந்ததில்லை என்று, விளையாட்டை உருவாக்கிய சிட் மேயர் 2020இல் வெளிவந்த தம் நினைவு நூலில் எழுதினார். ஐந்தாம் பாகத்தில் மட்டும் காந்தியின் அணு ஆயுத விருப்பத்துக்கு 10க்கு 12 என்று வேண்டுமென்றே வைத்தார்கள்.

2005இல் நான்காம் பாகம் இந்த இருட்டைப் பெருமளவு போக்கியது. ஓர் அரசன் நம்மை வெறுக்கிறான் என்றால் எல்லை உரசலா, மத வேறுபாடா, கேட்டதைக் கொடுக்க மறுத்தோமா என்று ஒவ்வொரு காரணமும் கூட்டல் கழித்தல் எண்களோடு திரையில் வந்தது. முறை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளுக்குக் கிடைத்த பெரும் பேறு என்று இதைத்தான் சொல்வேன். பகைக்குக் காரணம் தெரிந்தால் தோற்றாலும் மனம் ஆறும்.

ஆனால் புதிர் தீரவில்லை, இடம் மாறியது. அதுவரை ஒரே கட்டத்தில் எத்தனை படைகளையும் குவிக்கலாம். கணினி பெரும் கூட்டமாகத் திரட்டி ஊர்மேல் ஏவிவிடும், அச்சமாக இருக்கும். 2010இல் ஐந்தாம் பாகம் அறுகோணக் கட்டங்களுக்கு மாறி, கட்டத்துக்கு ஒரு போர்ப்படைதான் என்று விதித்தது. அன்றுமுதல் கவண்பொறி காவலின்றி முன்னே வருகிறது. காயம்பட்ட வீரன் பின்வாங்காமல் கோட்டையடியில் சாகிறான். விழவிருக்கும் ஊரை விட்டுவிட்டுப் படை திரும்பி நடக்கிறது.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். ஒரு படை தன் இடத்தையும் சேர்த்து 19 கட்டங்களில் எங்கும் நிற்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் படைகளுக்கு 6 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட வழிகள் வந்துவிடும். சதுரங்கத்தில் ஒரு முறைக்கு ஒரு காய்தான் நகரும். இங்கே எல்லாமே நகரும், ஒன்று நகர்ந்தால் மற்றதன் பாதை அடைபடும். ஆடுபவரோ சில நொடிகளுக்குமேல் காத்திருக்கமாட்டார்.

இந்தக் குறையை அறிவால் அல்ல, சலுகையால் நிரப்புகிறார்கள். 2016இல் வந்த ஆறாம் பாகத்தின் உச்சக் கடுமையில், நாம் ஒரு குடியேற்றக் குழுவோடு தொடங்கும்போது கணினி மூன்றோடு தொடங்குகிறது. அது வெல்வதில் வீரம் எங்கே இருக்கிறது?

வேறு வழி இருப்பதை ரசிகர்களே காட்டிவிட்டார்கள். ஐந்தாம் பாகத்தின் ஆட்ட நிரல் வெளியிடப்பட்டதும், ‘வாக்ஸ் பாப்புலி’ என்ற மாற்று வடிவத்தை உருவாக்கியவர்கள் அதில் கணினிக்குப் போர் பழக்கினார்கள். ஆறாம் பாகத்துக்கு அந்த நிரல் வெளியிடப்படவில்லை. அதையும் வெளியிட வேண்டும்.