பறக்கும் விருந்தாளிக்கு ஒரு பாலம்

பிள்ளைகளே, டிரெஸ்டன் பாலங்கள் நிறைந்த ஊர். எல்பே ஆற்றின் மேல் ‘பிளாவஸ் வுண்டர்’ பாலம் 1893 முதல் நிற்கிறது. ஆறே இல்லாத ஓர் இடத்திலும் இங்கே பாலம் உண்டு. எங்கே, சொல்லுங்க பார்க்கலாம்? குளோட்ஷே பகுதியில், நம்ம விமான நிலையத்தில்!

விமானத்தில் ஏறும் முன் நீளமான பெட்டி போன்ற ஒரு வழியில் நடந்து போயிருப்பீங்க. தரை லேசாகச் சரிந்திருக்கும். நடந்தால் ‘டம் டம்’ என்று சத்தம் கேட்கும். அதுதான் அந்தப் பாலம். கட்டடத்தின் கதவையும் விமானத்தின் கதவையும் அது இணைக்கிறது.

தமிழ்ச் செய்தித்தாள்களில் இதை ‘ஏரோபிரிட்ஜ்’ என்று எழுதுவார்கள். ஜெர்மனில் இதன் பெயர் ‘ஃபுளூக்காஸ்ட்புரூக்கே’. இந்த நீளமான சொல்லைப் பிரித்துப் பாருங்க. ‘ஃபுளூக்’ என்றால் பறப்பது. ‘காஸ்ட்’ என்றால் விருந்தாளி. ‘புரூக்கே’ என்றால் பாலம். பறக்க வந்த விருந்தாளிக்கான பாலம்! நல்ல பெயர், இல்லையா?

பாலம் எப்படி நகர்கிறது?

ஆற்றுப் பாலம் ஒரே இடத்தில் நிற்கும். இந்தப் பாலம் நகர வேண்டும். ஏனென்றால் எல்லா விமானங்களும் ஒரே உயரம் இல்லை. ஏர்பஸ் ஏ320 விமானத்தின் கதவு தரையிலிருந்து சுமார் மூன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். சில சின்ன விமானங்களில் அது இரண்டு மீட்டருக்கும் கீழே இருக்கும்.

உங்க கையை நீட்டிப் பாருங்க. பாலமும் அப்படித்தான். கட்டடத்தை ஒட்டி ஒரு வட்டமான அறை இருக்கிறது. அது பாலத்தின் தோள். அங்கிருந்து பாலம் இடது பக்கமும் வலது பக்கமும் திரும்பும். அடுத்து இரண்டு அல்லது மூன்று நீளமான பெட்டிகள். தீப்பெட்டியின் உள்பெட்டி போல, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகும். அது பாலத்தின் கை. சக்கரம் வைத்த ஒரு தூண் அந்தக் கையைத் தாங்குகிறது. தூண் பாலத்தை ஏற்றும், இறக்கும்.

முனையில் ஒரு சின்ன அறை இருக்கும். அதை உள்ளங்கை என்று வைத்துக்கொள்ளுங்க. ஓட்டுநர் அங்கே நின்று, கணினி விளையாட்டில் இருப்பது போன்ற ஒரு ஜாய்ஸ்டிக்கால் பாலத்தை மெதுவாக நகர்த்துவார். பாலம் விமானத்தைத் தொட்டதும், ஹார்மோனியத்தின் துருத்தி போல மடிப்பு வைத்த கூரை கதவைச் சுற்றி மூடிக்கொள்ளும்.

ஒரு புதிர்

விமானத்திலிருந்து 150 பேர் இறங்கினால் விமானம் என்ன ஆகும்? கொஞ்சம் மேலே எழும்பும்! காரிலிருந்து எல்லாரும் இறங்கும்போது கார் லேசாக உயரும், கவனிச்சிருக்கீங்களா? அதே மாதிரிதான்.

பாலம் மட்டும் அசையாமல் நின்றால் வாசலில் ஒரு படி உண்டாகும். யாராவது தடுக்கி விழலாம். ஆட்களும் பெட்டிகளும் ஏறும்போது விமானம் தாழும். அப்போது திறந்த கதவு பாலத்தில் இடிக்கலாம்.

அதனால் பாலத்தின் முனையில் ஒரு குட்டிச் சக்கரம் விமானத்தின் உடலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். விமானம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் சக்கரம் சுழலும். உடனே பாலமும் அதே அளவு ஏறும், அல்லது இறங்கும்.

பல விமான நிலையங்களில் பாலத்தின் அடியில் ஒரு தடித்த மின்கம்பியும் இருக்கும். அதை மாட்டினால் நிற்கிற விமானத்துக்கு மின்சாரம் கிடைக்கும். வாலில் இருக்கும் சின்ன எஞ்சினை நிறுத்திவிடலாம். சத்தமும் புகையும் குறையும்.

படிக்கட்டு போதாதா?

நல்ல கேள்வி. பல விமானங்களில் இன்றும் படிக்கட்டில்தான் ஏறுகிறார்கள். முன் கதவு, பின் கதவு இரண்டிலும் படிக்கட்டு வைத்தால் சீக்கிரம் ஏறலாம். செலவும் குறைவு. உங்களுக்கு அது விளையாட்டு மாதிரி இருக்கும்.

ஆனால் முழங்கால் வலியோடு சென்னையிலிருந்து வரும் பாட்டிக்கு? சக்கர நாற்காலியில் போகும் நண்பனுக்கு? பாலம் இல்லாத இடத்தில் அவர்களுக்கு ஒரு தனி லாரி வர வேண்டும். அதன் மேலே உள்ள அறை, அவர்களைக் கதவு வரை தூக்கிக்கொண்டு போகும். லாரி வரும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். பாலம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். சரிவு மென்மையாக இருந்தால் சக்கர நாற்காலியும் அதில் போகும். பாட்டியும் பேரனும் ஒரே வழியில், ஒன்றாகப் பேசிக்கொண்டே போகலாம்.

இன்னொன்றும் தெரிஞ்சுக்கோங்க. ஐரோப்பிய ஒன்றியத்தில் நடக்கச் சிரமப்படும் பயணிகளுக்கு விமான நிலையம் இலவசமாக உதவ வேண்டும். 2006-ல் வந்த சட்டம் இது. பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். பாட்டிக்கு டிக்கெட் வாங்கும்போது அப்பா அம்மாவுக்கு இதை நீங்க நினைவுபடுத்தலாம்.

பாலத்துக்கும் வயசாகும்

2024 செப்டம்பர் 11 அதிகாலையில் டிரெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பே ஆற்றில் விழுந்தது. நல்ல வேளை, யாருக்கும் காயம் இல்லை. கான்கிரீட்டுக்குள் இருந்த உருக்குக் கம்பிகள் பலவீனமாகியிருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது.

விமான நிலையத்துப் பாலமும் மழையிலும் பனியிலும் நிற்கிறது. துரு பிடிக்கும், சக்கரம் தேயும். பழைய மின்னணு பாகங்கள் சில வருடங்களுக்குப் பிறகு கிடைக்காது. டிரெஸ்டனின் இப்போதைய விமான நிலையக் கட்டடம், ஒரு பழைய விமானக் கூடத்தை மாற்றி அமைத்து 2001-ல் திறந்தது. அந்த வருடம் பொருத்திய எந்த இயந்திரத்துக்கும் இன்று 20 வயதுக்கு மேல் ஆகிறது. அதனால்தான் பாலங்களை அடிக்கடி சோதிக்கிறார்கள். காலம் வந்ததும் புதிதாக வாங்குகிறார்கள்.

எப்படி வாங்குவார்கள்? கடையில் கிடைக்காதே! டிரெஸ்டன் விமான நிலையத்தில் பெரும்பங்கு சாக்சன் மாநில அரசுடையது. அதாவது, அது மக்களின் பணம். இப்படிப்பட்ட இடங்கள் பெரிய பொருள் வாங்கும்போது ‘எங்களுக்கு இது தேவை’ என்று ஐரோப்பா முழுவதற்கும் அறிவிக்க வேண்டும். இதைத் தமிழில் ஒப்பந்தப்புள்ளி, பேச்சில் டெண்டர் என்று சொல்வோம். ஜெர்மனில் ‘அவுஸ்ஷ்ரைபுங்’. பல நிறுவனங்கள் தங்கள் விலையை எழுதி அனுப்பும். விலை எவ்வளவு, பாதுகாப்பு எப்படி, பாகங்கள் எத்தனை வருடம் கிடைக்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு வாசலாக மாற்றலாம். மற்ற வாசல்களில் விமானங்கள் வந்து போகும்.

அடுத்த முறை விமான நிலையத்துக்குப் போனால், கண்ணாடி வழியாகக் கீழே பாருங்க. பாலத்தைத் தாங்கும் சக்கரங்கள் தெரிகிறதா?

சொல் அறிவோம்
சரிவு – ஒரு பக்கம் தாழ்ந்த தரை
துருத்தி – மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் பை
துரு – ஈரத்தால் இரும்பில் வரும் செம்பழுப்புப் பொடி
உருக்கு – உறுதியான இரும்பு

பேசுவோம், எழுதுவோம்
1. பாலத்தின் முனையில் குட்டிச் சக்கரம் ஏன் இருக்கிறது?
2. படிக்கட்டு யாருக்கு எளிது? யாருக்குக் கஷ்டம்?
3. நீங்கள் டிரெஸ்டனுக்குப் புதுப் பாலம் வாங்கினால், நிறுவனங்களிடம் என்ன மூன்று கேள்விகள் கேட்பீர்கள்?
4. பாட்டியிடமோ தாத்தாவிடமோ போனில் கேளுங்கள்: “விமானத்துல ஏறும்போது உங்களுக்கு எது கஷ்டமா இருந்துச்சு?” அவர்கள் சொன்னதை நான்கு வரியில் எழுதுங்கள்.