நிரல் கடிதம் அனுப்புவது எப்படி?

மனிதக் கை படாமலே, நள்ளிரவில் ஒரு பைத்தான் நிரல் தானாக மின்னஞ்சல் அனுப்பிவிடுவது எங்ஙனம் சாத்தியமாகிறது என்று வினவுவோர்க்கு, 1982-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் போஸ்டல் வகுத்தளித்த எஸ்.எம்.டி.பி. என்னும் சம்பாஷணை விதிகளைத்தான் காட்டவேண்டும். சாதாரண எழுத்துக்களாலான சில கட்டளைகளே அந்தச் சம்பாஷணை. அவற்றை மனிதன் தட்டினாலும் நிரல் தட்டினாலும் அஞ்சல் சர்வருக்குப் பேதமில்லை.

பைத்தானோடு வரும் ‘எஸ்எம்டிபிலிப்’ என்ற தொகுப்பு, முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, ‘மெயில் ஃப்ரம்’ என்று அனுப்புநரையும் ‘ஆர்சிபிடி டு’ என்று பெறுநரையும் தெரிவிக்க, சர்வர் ஒவ்வொன்றுக்கும் 250 என்னும் எண்ணால் சம்மதம் கூறுகிறது. ‘டேட்டா’ என்றதும் 354 என்று விடையளித்துக் கடிதத்துக்குக் காத்திருக்கிறது. கடிதம் முடிந்ததற்கு அடையாளம், தனி வரியில் ஒரே ஒரு புள்ளி. கடிதத்துக்குள்ளேயே அத்தகைய வரி வந்துவிட்டால்? புள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்த்து அனுப்ப, பெறும் சர்வர் அதை நீக்கிவிடுகிறது. எத்துணை எளிய உபாயம்!

ஆனால், சர்வரிடம் சொல்லும் அனுப்புநர் முகவரியும், கடிதத்தின் தலைப்பில் நாம் காணும் முகவரியும் ஒன்றாயிருக்கவேண்டுமென்று அவ்விதிகள் நிர்ப்பந்திக்கவில்லை. போலிக் கடிதங்களுக்கு அது பெரிதும் வசதியாயிற்று. ஆகவேதான் இக்காலத்தில் நிரல் பெரும்பாலும் 587-ஆம் போர்ட்டை அணுகி, உரையாடலை மறையாக்கம் செய்துகொண்டு, பாஸ்வேர்டையும் சமர்ப்பித்த பின்னரே கடிதத்தை ஒப்படைக்கிறது. அந்தப் பாஸ்வேர்டை நிரலின் வரிகளுக்குள் எழுதிவைப்பது அபாயம். நிரலைப் பகிரும்போது அதுவும் உடன்சென்றுவிடும்.