தட்டில் வென்ற மருந்து உடலிலும் வெல்லுமா?

‘மூளைப் புற்றுநோய் உயிரணுக்களை அழித்தது புதிய மருந்து’ என்பதுபோன்ற தகவல்கள் வாட்ஸ்அப் குழுக்களில் அவ்வப்போது வலம் வருகின்றன. வீட்டில் ஒருவருக்கு மூளைக்கட்டி இருந்தால் அந்த ஒரு வரியே பெரும் நம்பிக்கையாகிவிடும். ஆனால், அந்த மருந்து அழித்தது எத்தகைய உயிரணுக்களை என்பதையும் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு வரும் மூளைக்கட்டிகளில் மிகக் கடுமையான ஒன்று கிளியோபிளாஸ்டோமா. அறுவை சிகிச்சை, கதிரியக்கச் சிகிச்சை, கீமோதெரபி மூன்றும் அளித்தாலும் பெரும்பாலோருக்கு அது திரும்பி வருகிறது. அதனால் புதிய மருந்துகளுக்கான தேடல் தொடர்கிறது. அகற்றப்பட்ட கட்டியின் உயிரணுக்களை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்து, முதலில் அவற்றில்தான் மருந்தைச் சோதிக்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மூளையில் நரம்பணுக்களுக்குத் துணைநிற்கும் உயிரணுக்களில் ஜிஎஃப்ஏபி என்ற புரதம் இருக்கும். கட்டி எந்த வகை உயிரணுவைச் சேர்ந்தது என்பதை அறிய மருத்துவர்கள் தேடும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் சீரத்தில் பல தலைமுறைகள் வளரும்போது அந்தப் புரதம் குறைந்து, மறைந்தும் போகலாம். மாறாக, ஃபைப்ரோநெக்டின் என்ற வேறொரு புரதம் கூடலாம்.

வெயிலில் செழித்த கறிவேப்பிலைக் கன்றை அடுக்குமாடி வீட்டின் நிழலான நடைபாதையில் வைத்தால் தண்டு மெலிந்து நீள்வதைப் போன்றது இது. சூழல் மாறினால் உயிரணுவும் மாறும்.

சீரத்தில் வளர்த்தவற்றைவிட, சீரமின்றி வளர்ச்சிக் காரணிகள் கலந்த திரவத்தில் வளர்த்த உயிரணுக்களே நோயாளியின் கட்டியை அதிகம் ஒத்திருந்ததாக 2006ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். இவ்வாறு வளரும் உயிரணுக்கள் சிறு உருண்டைகளாகத் திரளும்.

சிங்கப்பூரும் இதில் பங்களித்துள்ளது. தேக்காவிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் இயங்குகிறது தேசிய நரம்பியல் கழகம். அதன் ஆய்வாளர்கள் மற்ற நிலையங்களுடன் இணைந்து, அத்தகைய உருண்டைகளை அதிவேகமாக உறையவைத்துச் சேமிக்கும் முறையை 2009ல் வெளியிட்டனர். உறைநிலையிலிருந்து மீட்ட பிறகும் அவற்றின் புரத அடையாளங்களும் எலிகளில் கட்டியை உருவாக்கும் தன்மையும் நிலைத்திருந்தன. நோயாளிகள் ஆய்வுக்குத் தரும் திசு, பல ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்பட இது வழிவகுக்கிறது.

அடுத்த முறை அத்தகைய செய்தி வந்தால் மூன்று கேள்விகள் போதும். சோதனை தட்டிலா, விலங்கிலா, மனிதரிடமா? உயிரணுக்கள் எங்கிருந்து வந்தவை? அவை இன்னும் கட்டியின் அடையாளங்களைக் கொண்டிருந்தனவா? விடை தெரியும் வரை, நடந்துவரும் சிகிச்சையை நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்பதே நல்லது.