இரண்டு அங்குல உயரம்

கண்டாவளையை அறிந்தவர்களுக்கு அதன் மாரியை அறிமுகஞ் செய்யவேண்டியதில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதி முரசுமோட்டையையும் தர்மபுரத்தையும் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. அதிலிருந்து பிரியும் கிறவல் வீதிகளும் வயலோரத்து மண்பாதைகளுமே நம்மை ஊருக்குள் கொண்டுசேர்ப்பன. கோடையிலே புழுதி; மாரியிலே சேறு. இரணைமடுவிலிருந்து வடக்கே இறங்கும் கனகராயன் ஆறு கடல்நீரேரியைச் சேருமுன் இந்தத் தாழ்நிலத்தைக் கடந்தே போகவேண்டும். குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் அந்த நீருக்கும் இதுதான் வழி.

இத்தகைய நிலத்திலே ஓடும் வண்டி எப்படியிருக்க வேண்டுமென்பதை நமது தச்சர்கள் நன்கறிந்திருந்தனர். மாட்டுவண்டியின் சில்லை நினைத்துப் பாருங்கள். அச்சு என்பது சில்லின் நடுவிலே பொருந்தியிருப்பது. ஆகவே 5 அடி விட்டமுள்ள சில்லிலே அச்சு நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் நிற்கும். சில்லு ஒரு சாண் புதைந்தாலும் வண்டியின் வயிறு சேற்றிலே தட்டாது. புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிற் பொங்கலுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கமாட்டார்கள். வண்டியைச் செய்தவர் பார்த்திருந்தார். உழவு இயந்திரத்தின் பெரிய பின்சில்லுக்கும் அதே கணக்குத்தான். தார் வீதிக்கென்று பிறந்த மோட்டார்க்காரே அதனை மறந்துவிட்டது.

நமது நண்பர் ஒருவர் கண்டாவளையிலே வயல் செய்பவர். சுசுக்கி ஜிம்னி என்னும் பழைய ஜீப்பு வண்டியொன்றை வைத்திருக்கிறார். 2018 ஆம் ஆண்டு டிசம்பரிலே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை மூழ்கடித்த வெள்ளம் அவருடைய வளவுக்குள்ளும் வந்தது. வாதத்தினால் முழங்கால் மடக்கமுடியாத தாயாரை அயலவரின் உழவு இயந்திரப் பெட்டியிலே ஏற்றித்தான் வெளியே கொண்டுவந்தார். ஜீப்பு வண்டி படலையடியிலேயே நின்றுவிட்டது. அந்த நாளை அவர் மறக்கவில்லை. வேறு வண்டி வாங்கலாமென்றால், 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் தனியாருக்கு மீண்டும் திறந்தது; திறந்த பின்பும் விலை கமக்காரனுக்கு எட்டுவதாயில்லை. உள்ள வண்டியையே உயர்த்துவதென்று முடிவுசெய்து, கொழும்பிலிருந்து 'லிஃப்ட் கிட்' என்னும் உறுப்புத் தொகுதியொன்றைத் தருவித்தார். நான்கு நீண்ட சுருள்வில்கள், நான்கு நீண்ட ஷொக் அப்சோபர்கள், சில இரும்புத் துண்டுகள், ஒரு பை நிறைய போல்ட்டுகள். உயர்வு 2 அங்குலம். கைகொடுக்க வாருங்களென்று சென்ற ஆவணியிலே நம்மையும் அழைத்தார்.

வீட்டு முற்றத்திலே மோட்டார் வண்டியைப் பிரித்துப் பூட்டுவது வன்னிக்குப் புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே பெற்றோல் பொன்னாயிருந்தபோது, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயிலே ஓடின. சில துளி பெற்றோலிலே இயந்திரத்தைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும், வண்டியோ போய்ச்சேரும். அந்தக் கைத்திறனுக்கு முன்னால் வில் மாற்றுவது ஒரு வேலையாவென்று நாமும் எண்ணியே புறப்பட்டோம்.

நீண்ட வில் எதனை உயர்த்துகிறது, எதனை உயர்த்தவில்லை என்பதை முதலிலே தெளிந்துகொள்ளல் நன்று. ஜிம்னியின் முன்னும் பின்னும் முழு இரும்பு அச்சுக்கள். அச்சின்மேல் வில், வில்லின்மேல் வண்டியுடல். வில் நீண்டால் உடல் உயரும். அச்சோ சில்லோடு பிணைந்தது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சின் நடுவே தொங்கும் டிபறன்சியல் என்னும் இரும்புக் குடமே நிலத்துக்கு மிக அண்மையிலுள்ள உறுப்பு. நூற்றுக்கணக்கிற் பணஞ் செலவிட்டாலும் ஆயிரக்கணக்கிற் செலவிட்டாலும், வில்லை மாற்றுவதால் அந்தக் குடம் ஒரு நூலளவேனும் உயராது. அதற்குப் பெரிய ரயர் வேண்டும். 205/70 அளவுள்ள 15 அங்குல ரயரின் விட்டம் ஏறத்தாழ 668 மில்லிமீற்றர். 215/75 அளவுள்ளதற்கு ஏறத்தாழ 703. வித்தியாசத்தின் பாதியே அச்சுக்குக் கிடைக்கும்; முக்கால் அங்குலமுமில்லை. உடலை உயர்த்துவதன் பயன், பெரிய ரயர் மட்காட்டிலே உரசாமல் திரும்புவதற்கும், வண்டியின் மூக்கும் வாலும் மேட்டிலே இடியாமல் ஏறியிறங்குவதற்கும் இடமுண்டாவதே. நண்பர் இதைக் கேட்டுச் சற்று முகஞ் சுருங்கினார். "அப்ப நான் வாங்கினது பாதிச் சாமானோ?" என்றார். பாதிச் சாமான்தான்.

எல்லா வண்டிகளுக்கும் ஒரே வழியில்லை. பழைய வில்லிஸ் ஜீப்பிலும் லொறியிலும் உள்ளவை தகடு தகடாய் அடுக்கிய வில்கள். அவற்றுக்குத் தகடொன்றைக் கூட்டியோ, அச்சுக்கும் வில்லுக்குமிடையே கட்டை வைத்தோ உயர்த்துவதுண்டு. 1990களின் மிற்சுபிஷி பஜெறோவுக்கு முன்பக்கத்திலே சுருளே இல்லை. முறுக்கேறி நிற்கும் நீண்ட இரும்புத்தண்டே வில்லின் வேலையைச் செய்யும். இக்காலத்துச் சிறிய உல்லாச ஜீப்புகள் பலவற்றிலோ, சுருள்வில்லும் ஷொக் அப்சோபரும் ஒன்றுக்குள் ஒன்றாய் அமுக்கிப் பூட்டப்பட்டிருக்கும். மாணவ வாசகர் இதனை நன்கு மனங்கொள்ள வேண்டும். அவ்வாறு அமுக்கப்பட்ட வில்லின் உச்சி நட்டைக் கழற்றினால், அது பீரங்கிக் குண்டுபோற் பாயும். ஆளைக் கொன்றும்விடும். அத்தகைய வண்டிக்கு வீட்டு முற்றம் இடமன்று. தக்க கருவிகளுள்ள கராஜுக்கே கொண்டுபோக வேண்டும். ஜிம்னியிலே வில் வேறு, ஷொக் அப்சோபர் வேறாய் நிற்பதால், அச்சை மெல்லத் தாழ்த்தினால் வில் தானே தளர்ந்து கையில் வந்துவிடும். அந்தத் துணிவிலேயே நாம் கைவைத்தோம்.

முதல்நாள் மாலையே போல்ட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெய் விட்டோம். கடல்நீரேரிக் காற்றிலே நின்ற வண்டி, துருவுக்குக் குறைவில்லை. காலையிலே ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் மட்காட்டின் விளிம்புவரை அளந்து, கொப்பியிலே குறித்துக்கொண்டோம். வேலை முடிந்தபின் உண்மையில் எவ்வளவு உயர்ந்ததென்று அறிய வேறு வழியில்லை.

முற்றமோ மணற்பாங்கானது. ஜக்கும், வண்டியைத் தாங்கும் முக்காலிகளும் மணலிலே இறங்கிவிடுமே என்று நாம் யோசித்து நிற்கையில், நண்பரின் தாயார் விறாந்தையிலிருந்தபடி, "கொட்டிலுக்குப் பின்னால கிடக்கிற சிலீப்பர் கட்டையளை எடுங்கோவன்" என்றார். புகையிரதப் பாதையிலே கிடந்த கட்டைகள் போர்க்காலத்திலே பதுங்குகுழிகளின் கூரையாய்ப் போனதை அப்பகுதியார் அறிவர். இவை மீள்குடியேறியபோது காணியிலிருந்த குழியிலிருந்து கிளறியெடுத்தவை. மூன்று கிடைத்தன, நான்காவதற்கு ஒரு பலகையை வைத்தோம். சீமெந்துக் கல்லை மாத்திரம் எவரும் வைக்கக்கூடாது. பாரத்தின் கீழ் அது சொல்லாமற் கொள்ளாமல் நொறுங்கும்.

பின்பக்கத்தை முதலிலே எடுத்தோம். வண்டியின் சட்டகம் முக்காலிகளின்மேல், அச்சு ஜக்கின்மேல். சில்லுகளைக் கழற்றி ஓரமாய்ச் சாத்தினோம். தாயார் மறுபடியும் குரல் கொடுத்தார்: "தம்பியவை, கழட்டின சில்லைச் சும்மா சாத்தாமல் உதுக்குக் கீழ கிடத்துங்கோ. ஒருத்தரும் கீழ பூரக்கூடாது." நாம் சிரித்துக்கொண்டே அவர் சொன்னபடி செய்தோம். ஷொக் அப்சோபர்களின் கீழ்ப் போல்ட்டுகளைக் கழற்றி, பிரேக் குழாயைப் பிடித்திருந்த துண்டையும் விடுவித்து, ஜக்கை மெல்ல இறக்கினோம். வில் தளர்ந்தது. அதை எடுக்க நண்பர் கையை நீட்டியவேளை, பலகை வைத்திருந்த பக்கத்து முக்காலி சரிந்தது. கிணற்றடி நீர் ஊறி அந்த இடத்து மண் இளகியிருந்ததை நாம் கவனிக்கவில்லை. வண்டி ஒருபுறஞ் சாய்ந்து, கீழே கிடத்தியிருந்த சில்லின்மேல் அமர்ந்தது. ஒரு மணித்துளிக்குள் எல்லாம் முடிந்தது. நண்பரின் கை தப்பியது. முழங்கைத் தோல் மாத்திரம் உரிந்தது. அந்தச் சில்லு அங்கே இல்லாதிருப்பின் என்னவாகியிருக்கும் என்பதை நாம் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தாயார் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் தேநீர் வைக்கப் போனார்.

பின்பு அவசரமில்லாமல் வேலை நடந்தது. புதிய வில்லின் நுனி அதற்குரிய பள்ளத்திலே சரியாய் அமரும்படி திருப்பி வைத்து, அச்சை உயர்த்தி, நீண்ட ஷொக் அப்சோபரைப் பூட்டினோம். ஒரு நுணுக்கத்தை ஈண்டுச் சொல்லவேண்டும். அச்சைப் பிடித்து நிற்கும் தண்டுகளின் நுனியிலே றப்பர் உருளைகள் உண்டு. சில்லு அந்தரத்திலே தொங்கும்போது அவற்றின் போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், வண்டி நிலத்தில் நின்றதும் றப்பர் முறுகி, சில மாதங்களிலே கிழிந்துபோகும். ஆகவே எல்லாப் போல்ட்டுகளையும் அரைகுறையாய் மாட்டிவிட்டு, வண்டி தன் சில்லுகளிலே நின்றபின்னரே இறுதியாய் இறுக்கினோம். அச்சு முற்றாய்த் தாழ்ந்து நிற்கும் நிலையிலே ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பி, பிரேக் குழாய் எங்கேனும் இழுபடுகிறதா என்றும் பார்த்தோம். குழாய் அறுந்தால் உயர்ந்த வண்டிக்கும் தாழ்ந்த வண்டிக்கும் ஒரே கதிதான்.

பொழுதுபடும் வேளையிலே அளந்தோம். முன்பக்கம் 2 அங்குலம். பின்பக்கம் சற்றுக் கூடுதல். நண்பர் பெருமிதத்தோடு வண்டியைப் பெருவீதிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது பெருமிதம் குறைந்திருந்தது. வண்டி நேரே போக மறுத்து அலைந்ததாம். வியப்பில்லை. உடல் உயர்ந்ததும் முன்னச்சு சற்றே உருண்டு, சில்லைத் தானாக நேர்நிலைக்குக் கொண்டுவரும் சாய்வு குறைந்துவிடுகிறது. அச்சு பக்கவாட்டிலே விலகாமற் பிடிக்கும் குறுக்குத்தண்டும் கோணம் மாறி, அச்சைச் சில மில்லிமீற்றர் ஒருபுறம் தள்ளுகிறது. இவற்றைத் திருத்தும் உருளைகளும், நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டும் தனியே விற்பனைக்குண்டு. தொகுதியின் விலையைச் சொல்லும் கடைக்காரர் இதனை ஏனோ சொல்வதில்லை! பின்பு கிளிநொச்சியிலே அவற்றைப் பூட்டி, சில்லுகளின் நேரும் பார்ப்பித்தார். முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணிலே பாய்ந்தது, அதனையும் தாழ்த்தவேண்டியதாயிற்று. பெரிய ரயரும் மாட்டினால் வேகமானி 60 என்று காட்டும்போது வண்டி முன்னிலும் 3 கிலோமீற்றர் வேகமாய்ப் போகும். வளைவிலே உயர்ந்த வண்டி கவிழ்வதற்கும் எளிது. இப்படியான மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது புத்தி.

இனி வெள்ளத்துக்கு வருவோம். நண்பர் இந்த வேலையிலே இறங்கியதே அதற்காகவன்றோ? ஜிம்னியின் எடை 1,100 கிலோகிராம் அளவில். அதன் அடித்தளம் 4 சதுர மீற்றர் என்று கொள்வோம். அடித்தளத்துக்கு மேல் வெள்ளம் 10 சென்ரிமீற்றர் ஏறினால் 400 லீற்றர் நீர் விலகுகிறது; வண்டி 400 கிலோகிராம் இலேசாகிறது. உள்ளே நீர் புகாதவரை, 28 சென்ரிமீற்றரிலே அது மிதக்கத் தொடங்கும். அதற்கு முன்பே ஓடும் நீர் அதைப் பக்கவாட்டிலே தள்ளிக்கொண்டுபோய்விடும். ஒரு அடி ஆழத்திலே விரைந்தோடும் நீர் பெரும்பாலான கார்களையும், 2 அடி நீர் ஜீப்புகளையும் இழுத்துச் செல்லும் என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. நாம் கூட்டியதோ 2 அங்குலம். மாரிக்காலத்து இரவொன்றிலே அந்த 2 அங்குலம் ஏற வெள்ளத்துக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?

உழவு இயந்திரம் நமது ஊர்களிலே மிக உயர்ந்த வண்டி. 2024 நவம்பரிலே அம்பாறை மாவட்டத்தின் காரைதீவுப் பகுதியிலே, மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரமொன்று வெள்ளத்திலே அடித்துச் செல்லப்பட்டது. மாணவர்கள் உட்படப் பலர் மாண்டனர். இதை நண்பருக்கு நினைவூட்டினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, வான்கதவு திறக்கப்போகிறார்கள் என்ற அறிவித்தல் வந்தவுடனே, வீதி காய்ந்திருக்கும்போதே தாயாரைப் பரந்தனிலுள்ள சகோதரி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவதென்று ஒப்புக்கொண்டார். "அதுக்கு இந்த உயரம் தேவையில்லையே" என்று தாமே சொல்லிச் சிரித்தார். ஆயினும் வயற்பாதையிலே வண்டி இப்போது வயிறு தட்டாமற் போகிறது. நெல் மூட்டை ஏற்றிய நாளிலும் மட்காட்டிலே ரயர் உரசுவதில்லை. அந்த மட்டுக்கு அவருக்குத் திருப்தியே.

நாம் விடைபெறும் நாளிலே தாயாரைக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்ல நண்பர் வண்டியைப் படலையடிக்குக் கொண்டுவந்தார். தாயார் கதவைப் பிடித்துக்கொண்டு காலை உயர்த்திப் பார்த்தார். எட்டவில்லை. இன்னொரு முறை முயன்றார். "என்னை ஏத்தத்தானே இதை உயத்தினனீ?" என்று மகனைப் பார்த்துக் கேட்டார். நண்பர் ஒன்றும் சொல்லாமற் கொட்டிலுக்குப் பின்னே போய், மிச்சமிருந்த சிலீப்பர் துண்டொன்றைத் தூக்கிவந்து கதவடியிலே வைத்தார். தாயார் அதிலே மிதித்து ஏறி அமர்ந்தார். கட்டை இப்போது வண்டியின் பின்பக்கத்திலேயே கிடக்கிறது. இறங்கும்போதும் அது வேண்டுமே.