பாட்டு அடங்கலை... கேம் அடங்கிருச்சு!

எங்க ஜலகண்டாபுரத்துல கரன்ட் போனா, கண்ணுக்கு முன்னாடி காதுக்குத்தான் தெரியும். 'சடக் சடக்'னு ஓடிட்டிருந்த விசைத்தறி எல்லாம் ஒரே நொடியில கப்சிப். தொட்டில்ல தூங்குற குழந்தை வீல்னு எழுந்திரிக்கும். சத்தம் கேட்டு முழிக்கிறது எல்லா ஊரு குழந்தை. சத்தம் நின்னு முழிக்கிறது எங்க ஊரு குழந்தை!

கேம்ல பின்னணி இசையைப் பட்டுனு நிறுத்தினா விளையாடுறவங்களுக்கும் இதே கதிதான். அதுக்குத்தான் 'ஃபேட்-அவுட்'. பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா அடக்கறது. சப்பை மேட்டர்னு நினைச்சுத்தான் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல மூணு பேரும் மாட்டினோம்.

பைதான்ல, பைகேம் வெச்சு ஒரு பஸ் கேம். தாரமங்கலம் வழியா பள்ளத்துல விழாம சேலம் போய்ச் சேரணும். சேர்ந்ததும் மூணு செகண்ட்ல பாட்டு அடங்கி, அடுத்த லெவல் பாட்டு ஆரம்பிக்கணும். பைகேம்ல இதுக்கு ரெடிமேடா ஒரு ஃபங்ஷனே இருக்கு. 3000 மில்லி செகண்ட்னு கொடுத்துட்டு ஹாயா இருந்துட்டோம்.

ரிவ்யூ அன்னிக்கு பஸ் சேலம் வந்துச்சு. பாட்டு அடங்க ஆரம்பிச்சது. கூடவே ஸ்க்ரீனும் ஃப்ரீஸ்! "என்னப்பா, ஹேங் ஆயிடுச்சா?"ன்னார் எக்ஸாமினர். மார்க் போச்சேன்னு மூணு பேருக்கும் வயித்துல புளி கரைச்சது.

பாட்டு முழுசா அடங்குற வரைக்கும் அந்த ஃபங்ஷன் ப்ரோகிராமை நகர விடாது. பைகேம் கையேட்டுலயே எழுதியிருக்கு. யாரு படிச்சா?

சரி, நாமளே வால்யூமைக் குறைப்போம்னு ஃப்ரேமுக்கு 0.01 வீதம் கழிச்சோம். என் கம்ப்யூட்டர்ல செகண்டுக்கு 60 ஃப்ரேம், 1.7 செகண்ட்ல அடங்குச்சு. லேப்ல இருந்த பழைய மெஷின்ல 30 ஃப்ரேம்தான், அங்கே 3.3 செகண்ட். ஃப்ரேமை எண்ணக்கூடாது பாஸ், கடிகாரத்தைப் பார்க்கணும். ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒவ்வொரு ஃப்ரேம்லயும் கேட்டு, அதுக்கேத்த வால்யூம் வைக்கணும்.

அப்பவும் காதுக்கு இதமா இல்லை. ரொம்ப நேரம் குறையாத மாதிரி இருந்துட்டு, கடைசியில தொபுக்குனு விழுது. காரணம் நம்ம காது. வால்யூமைப் பாதியாக்கினா குறையறது வெறும் 6 டெசிபல். பாதி சத்தம்னு காதுக்குத் தோண, சுமார் 10 டெசிபல் குறையணும். கோயில் மணியைக் கவனிங்க. அடிச்சதும் மளமளன்னு குறைஞ்சு, அப்புறம் ரீங்காரமா ரொம்ப நேரம் இழுக்கும். அதுதான் இயற்கையான ஃபேட்-அவுட். நாங்க பண்ணினது சிம்பிள்: மீதி நேரத்தோட பின்னத்தை அதாலேயே பெருக்கினோம். பாதி நேரத்துல வால்யூம் 0.5-க்கு பதிலா 0.25. பாட்டு மணி மாதிரியே கரைஞ்சது!

இதுல கில்லாடிங்க உண்டு. 1991-ல வந்த 'மங்கி ஐலண்ட் 2' கேமுக்காக மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்கானலும் 'ஐம்யூஸ்'னு ஒரு சிஸ்டமே கட்டினாங்க. இடம் மாறினா பாட்டை வெட்டாம, தாளம் தோதா வர்ற இடத்துல அடுத்த மெட்டுக்கு நழுவிடும். முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப கேட்டாலும் பொறாமையா இருக்கு.

ரெண்டாவது ரிவ்யூல எங்க பாட்டு அம்சமா அடங்குச்சு. ஸ்க்ரீனும் நிக்கலை. எக்ஸாமினர் அதைப் பத்தி மூச்சே விடலை. "பள்ளத்துல விழுந்த பஸ் எதுக்குப்பா பறக்குது?"ன்னு மட்டும் கேட்டார்.